பிஸ்கூப்பின்: போலந்தின் ஒரு ஏரிக்கரைக் கிராமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ போனவர்களும், தொல்லியலில் ஆர்வம் உள்ளவர்களும் பிஸ்கூப்பின் பற்றிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு விஷயத்தை முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பதிலைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பிஸ்கூப்பின் எங்கே இருக்கு? மேப்ல தேடினா கண்ணுலயே படல.

வடமத்தியப் போலந்தில், குயாவியா-பொமெரேனியா மாகாணத்தின் ஜ்னின் மாவட்டத்தில், கோன்சாவா ஊராட்சிக்குள் இருக்கும் சின்னக் கிராமம் இது. வரைபடத்தில் முதலில் க்னியெஸ்னோ நகரைப் பிடியுங்கள். அங்கிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் வடக்கு-தெற்காக ஒரு கயிற்றில் கோத்ததுபோல ஒடுங்கிய ஏரிகள் தெரியும். அந்த வரிசையில் ஒன்று பிஸ்கூப்பின் ஏரி. அதன் கரையில் இருக்கிறது ஊர். இந்த வட்டாரத்துக்குப் பாவூக்கி என்று பெயர்.

பேரை எப்படிச் சொல்றது? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதுறாங்க.

'பிஸ்-கூ-ப்பின்'. போலிஷ் மொழியில் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும், அதனால் 'கூ'வை ஊன்றிச் சொல்ல வேண்டும். 'பிஸ்கூப்' என்றால் போலிஷில் ஆயர், அதாவது பிஷப். ஊர் க்னியெஸ்னோ பேராயருக்குச் சொந்தமாக இருந்ததால் வந்த பெயர்.

பக்கத்து ஊர்ப் பெயர்களில்தான் தடுமாற்றம் அதிகம். கோன்சாவாவைப் பலகையில் பார்த்தால் முதல் உயிரெழுத்து வால் வைத்த 'ஏ' மாதிரி இருக்கும். அதை மூக்கொலியோடு 'ஓன்' என்று சொல்ல வேண்டும். 'கசாவா' என்று கேட்டால் பேருந்து ஓட்டுநருக்குப் புரியாது. குறுக்குக்கோடு போட்ட 'எல்' எழுத்துக்கு 'வ' ஒலி, அதனால்தான் பாவூக்கி, பாலுக்கி இல்லை.

ஏரி ஏன் இவ்வளவு நீளமா, ஒடுங்கி இருக்கு? ஆத்தை மறிச்சுக் கட்டினதா?

மனிதர் கட்டியது இல்லை, பனி தோண்டியது. கடைசிப் பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து இறங்கிய பனிப்பாளம் இந்த நிலத்தை மூடியிருந்தது. பாளத்துக்கு அடியில் அழுத்தத்தோடு பாய்ந்த உருகுநீர், மண்ணை நீண்ட பள்ளமாக அரித்தது. பனி பின்வாங்கியபோது பள்ளத்தில் புதைந்து நின்ற பனிக்கட்டிகள் மெல்ல உருகி, வரிசையான ஏரிகள் மிஞ்சின.

இன்று அவற்றை இணைத்துக்கொண்டு கோன்சாவ்கா என்ற சிற்றாறு வடக்கே ஓடி, ஜ்னின் வழியாகப் போய் நோடெச் ஆற்றில் சேர்கிறது. பிஸ்கூப்பின் ஏரியின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 13 மீட்டருக்குச் சற்று மேல். இந்த ஆற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இன்னொரு பதிலிலும் வரும்.

இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன் இவ்வளவு பேர் போறாங்க?

ஏரிக்குள் நீண்டிருக்கும் ஒரு தாழ்வான நிலத்துண்டில், கி.மு. 8ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட முழு மரக்குடியிருப்பு ஒன்று புதைந்து கிடந்தது. தெருத் தெருவாக, வீட்டுத் தளம் தளமாக, மதிலின் அடிப்பகுதியோடு. அந்தக் காலத்து மத்திய ஐரோப்பியக் கட்டடங்கள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. வழக்கமாக அகழ்வில் மிஞ்சுவது, மரத்தூண் நின்ற குழியின் கறை மட்டும்தான். இங்கே மரமே கிடைத்தது. 1994இல் போலந்து அரசு முதன்முறையாக 'வரலாற்றுச் சின்னம்' என்ற தகுதியை வழங்கியபோதே பட்டியலில் பிஸ்கூப்பினும் இடம்பெற்றது.

யார் கண்டுபிடிச்சாங்க? பள்ளிக்கூட வாத்தியார்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். வாலென்டி ஷ்வைட்ஸெர் என்ற கிராமப் பள்ளி ஆசிரியர். 1933இல் ஏரியின் நீர்மட்டம் இறங்கியிருந்தது. கோன்சாவ்காவைச் சீர்படுத்தியது அதற்கு முக்கியக் காரணம். கரையோரம் வரிசையாக மரமுனைகள் நீருக்கு மேல் தலைகாட்டின. அப்பகுதியில் எரிபொருளுக்காகப் பீட் எனப்படும் கரிமண்ணை வெட்டியவர்கள் கையிலும் பழம்பொருள்கள் சிக்கியிருந்தன. அவை சாதாரண வேலிக் கம்புகள் அல்ல என்று ஷ்வைட்ஸெருக்குத் தோன்றியது. செய்தி போஸ்னான் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூசெஃப் கோஸ்ட்ஷெவ்ஸ்கிக்குப் போனது. 1934இல் அகழ்வு தொடங்கியது. அவரோடு களத்தை நடத்தியவர் ஸ்ஜிஸ்வாவ் ராயெவ்ஸ்கி.

கண்டுபிடிப்பின் பெருமையில் பாதி அந்த ஆசிரியருக்குச் சேரும் என்பது எங்கள் எண்ணம். அந்த முனைகளை ஊரார் பலரும் பார்த்திருப்பார்கள். பார்த்ததை எழுதி அனுப்பியவர் அவர்.

2,700 வருஷமா மரம் மக்காம எப்படி இருக்கும்? நம்பவே முடியல.

மரத்தை மக்கவைப்பவை பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும். அவற்றில் வேகமாக வேலை செய்பவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஏரிமட்டம் உயர்ந்து குடியிருப்பு மூழ்கியது, அதன்மேல் சேறும் பீட்டும் படிந்தன. காற்று புகாத அந்த ஈர அடுக்கில் சிதைவு மிக மெதுவாகிவிட்டது. நீர்மட்டத்துக்குக் கீழே எப்போதும் இருந்த பகுதி தப்பியது. மேலே நின்ற சுவர், கூரை எல்லாம் போய்விட்டன. அதனால்தான் வீட்டுத் தளமும் தெருக்கட்டையும் மதிலின் அடியும் கிடைத்தன, கூரை கிடைக்கவில்லை.

'மக்காமல்' என்பதையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். வெளித்தோற்றம் புதிது போல இருந்தாலும், உள்ளே செல்சுவர்களின் செல்லுலோஸ் பெருமளவு கரைந்து, அந்த வெற்றிடத்தில் நீர் நிரம்பியிருக்கும். மரத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்த நீர்தான். வெளியே எடுத்து உலரவிட்டால் நீர் ஆவியாகி, செல்கள் நசுங்கி, மரம் சுருங்கி வெடிக்கும். ஓக்கின் வைரப்பகுதி ஓரளவு தாங்கும், பைன், பிர்ச் போன்றவை தாங்கா.

உள்ளே ஊர் எப்படி இருந்துச்சு? கணக்கோட சொல்லுங்க.

மொத்தப் பரப்பு சுமார் 2 ஹெக்டேர், ஏறக்குறைய 160 மீட்டருக்கு 200 மீட்டர். சுற்றிலும் மதில், நீளம் சுமார் 460 மீட்டர், அகலம் மூன்றரை மீட்டர் அளவு. மரக்கட்டைகளைப் பெட்டிபோல அடுக்கி உள்ளே மண்ணும் மணலும் நிரப்பிய மதில் அது. தென்மேற்கில் ஒரே ஒரு வாயில், அங்கிருந்து கரைக்கு நூறு மீட்டருக்கு மேல் நீண்ட மரப்பாலம். மதிலின் உட்புறம் ஒட்டி ஒரு சுற்றுத்தெரு. அதிலிருந்து குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையாக 11 தெருக்கள், மூன்று மீட்டருக்கும் சற்றுக் குறைந்த அகலத்தில். தெருவெல்லாம் கட்டைகளைப் பக்கம் பக்கமாகப் பரப்பிய மரத்தளம். ஈரநிலத்தில் கால் புதையாமல் நடக்க வேறு வழியில்லை.

தெருவோரமாக 13 வரிசைகளில் நூற்றுச் சொச்சம் வீடுகள். ஒவ்வொன்றும் சுமார் 8 மீட்டருக்கு 9 மீட்டர். வரிசையில் உள்ள வீடுகள் பக்கச்சுவரைப் பகிர்ந்துகொண்டன. கதவுகள் தெற்கு நோக்கி இருந்தன, குளிர்நாட்டில் வெயிலை வீணாக்கக்கூடாது. உள்ளே நுழைந்ததும் ஒரு முன்னறை, அடுத்தது கல் பரப்பிய அடுப்போடு கூடிய பெரிய அறை. சுவர் எழுப்பிய முறை எளியது. செங்குத்தாக நட்ட தூணில் நெடுக ஒரு பள்ளம் செதுக்கி, கிடைமட்டப் பலகைகளின் முனைகளை மேலிருந்து அந்தப் பள்ளத்தில் இறக்குவார்கள். ஆணி தேவையில்லை. ஒரு பலகை கெட்டால் கழற்றி மாற்றலாம்.

மக்கள்தொகை 800 முதல் 1,000 என்று படித்திருப்பீர்கள். யாரும் எண்ணிப் பார்த்த தொகை இல்லை அது. நூறு வீடு, வீட்டுக்கு எட்டுப் பத்துப் பேர் என்று பெருக்கி வந்தது. எல்லா வீடும் ஒரே சமயத்தில் நிரம்பியிருந்தது என்ற எடுகோள் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

கரையைச் சுத்தி சாய்வா கம்பு நட்டிருக்காங்களே, எதிரி ஏறாம இருக்கவா?

முதல் வேலை அலையையும் பனிக்கட்டியையும் தடுப்பது. தீவின் விளிம்பைச் சுற்றிப் பல வரிசைகளாக, ஏறக்குறைய 45 பாகை சாய்வில், ஆயிரக்கணக்கான மரமுளைகள் அடிக்கப்பட்டிருந்தன. காற்று வாக்கில் அலை ஓயாமல் அடிக்கும் பக்கத்தில் மண் அரித்துப்போனால் மதிலின் அடி சரிந்துவிடும். குளிர்கால முடிவில் ஏரிப்பனி உடைந்து காற்றில் நகரும்போது கரையில் மோதி எதையும் நொறுக்கும். சாய்ந்த முளை அந்த மோதலை உடைத்துத் தணிக்கும். படகில் வந்து இறங்க நினைப்பவனுக்கும் அது இடைஞ்சல்தான், சந்தேகமில்லை. ஆனால் முளைகள் இல்லாவிட்டால், எதிரி வருவதற்கு முன்பே ஏரி மதிலைத் தின்றிருக்கும்.

தீவுன்னு சொல்றீங்க, நேர்ல போனா நடந்தே போயிடலாமே?

இப்போது தீபகற்பம். கரைக்கும் தீவுக்கும் நடுவில் இருந்த ஆழமற்ற பகுதி, படிந்த சேறாலும் கோரை மக்கி உண்டான பீட்டாலும் மெல்லத் தூர்ந்துவிட்டது. பனிப்பள்ளத்து ஏரிகளுக்கு இது இயல்பான முதுமை. நீர்மட்டம் இறங்கியதும் அந்த இணைப்பு உலர்நிலம் ஆனது.

வயசை எப்படி இவ்வளவு துல்லியமா சொல்றாங்க? என்கிட்ட இருக்கிற பழைய புத்தகத்துல வேற தேதி இருக்கே.

பழைய புத்தகம் பொய் சொல்லவில்லை, அதன் கருவி அவ்வளவுதான். முதலில் மட்பாண்டம், உலோகப்பொருள்களின் பாணியைப் பிற இடங்களோடு ஒப்பிட்டுக் கணித்தார்கள். அதன்படி ஊர் ஒன்றிரண்டு நூற்றாண்டு இளையதாகத் தெரிந்தது. மரத்தில் மிஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து வயது காணும் கரிமக் காலக்கணிப்பும் இங்கே கைகொடுக்காது. கி.மு. 800 முதல் 400 வரை, அந்த அளவை ஆண்டாக மாற்ற உதவும் திருத்தக்கோடு கிட்டத்தட்டத் தட்டையாக ஓடுகிறது. அந்த நானூறு ஆண்டில் எந்த ஆண்டு வெட்டிய மரமும் ஒரே மாதிரி அளவைத்தான் காட்டும்.

முடிச்சை அவிழ்த்தது மரவளையக் கணிப்பு. ஓக் மரம் ஆண்டுக்கொரு வளையம் போடும். மழையும் வெப்பமும் பொறுத்து வளையத்தின் அகலம் மாறும். அகல-ஒடுக்க வரிசையை, ஆண்டு தெரிந்த நெடுவரிசையோடு பொருத்தினால் மரம் வாழ்ந்த காலம் தெரியும். மரப்பட்டைக்கு ஒட்டிய கடைசி வளையமும் மிஞ்சியிருந்தால் வெட்டிய ஆண்டே தெரியும். அந்த வளையம் முழுமையாக முடிந்திருந்தால், வளர்ச்சி நின்ற குளிர்காலத்தில் வெட்டியது என்று பொருள். 1990களில் வந்த முடிவு: ஓக் மரங்கள் கி.மு. 747க்கும் 722க்கும் இடையில் வெட்டப்பட்டவை. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே குளிர்காலத்தில், கி.மு. 738/737இல்.

பட்டையும் வெளிமரமும் செதுக்கி எறியப்பட்ட பலகையில் இந்தத் துல்லியம் கிடைக்காது, 'இந்த ஆண்டுக்குப் பிறகு' என்று மட்டும் சொல்லலாம். அதனால் மொத்தம் எத்தனை மாதிரி என்பதைவிட, பட்டை விளிம்போடு எத்தனை என்று பார்க்க வேண்டும்.

ஒரே குளிர்காலத்துல அவ்வளவு மரமா? ராஜா உத்தரவு போட்டிருப்பாரோ?

கூட்டாகத் திட்டமிட்ட வேலை என்பதில் ஐயமில்லை. மொத்தக் கட்டுமானத்துக்கும் சுமார் 8,000 கன மீட்டர் மரம் போயிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். குளிர்காலத்தில் வெட்டியதற்கும் காரணம் உண்டு. வயல்வேலை இல்லாத பருவம், மரத்தில் சாறு குறைவு, உறைந்த ஏரியின்மேல் கட்டைகளை இழுத்துவர எளிது.

ஆனால் அரசன்? வீடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே அமைப்பு. அரண்மனை என்றோ தலைவன் வீடு என்றோ சுட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. அதை வைத்து 'எல்லாரும் சமம்' என்று எழுதுவது அவசரம். அதிகாரம் வீட்டின் அளவில்தான் தெரிய வேண்டும் என்று சட்டமில்லை. ஒருங்கிணைத்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் தனி மாளிகை கட்டிக்கொள்ளவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

என்ன சாப்பிட்டாங்க?

பனிவரகு, கோதுமை, பார்லி, பட்டாணி, அவரை வகை, பயறு. எண்ணெய்க்கும் நாருக்கும் ஆளி, எண்ணெய்க்குக் கசகசாவும். மாடு, பன்றி, ஆடு, குதிரை வளர்த்தார்கள். ஏரி மீனும் காட்டு விலங்கும் துணை உணவு. வயல்கள் மதிலுக்கு வெளியே, கரையில் இருந்தன.

அப்புறம் ஏன் விட்டுட்டுப் போனாங்க? யாரோ தாக்கினாங்கன்னு படிச்சேன்.

கிழக்கிலிருந்து வந்த சித்தியக் குதிரைவீரர்கள் அழித்தார்கள் என்று முன்பு பரவலாக எழுதினார்கள். கதையாகக் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஊர் போரில் அழிந்தது என்று உறுதியாகச் சொல்லத் தடயம் போதாது. வலுவான காரணம் தண்ணீர். தட்பவெப்பம் ஈரமாகி ஏரிமட்டம் ஏறியபோது தீவில் வாழ முடியாமல் போனது. மரம் தப்பியதற்கு மேலே சொன்ன காரணமும் இதே வெள்ளம்தான்.

இன்னொன்று, நிலம் களைத்தது. 8,000 கன மீட்டர் மரத்தை ஒரு சிறு வட்டாரத்தில் வெட்டி, ஆயிரம் பேருக்கு விறகும் விளைநிலமும் தேடினால் காடு எத்தனை காலம் தாங்கும்? குடியிருப்பு ஒருமுறை திரும்பக் கட்டப்பட்டது. அப்போது ஓக் குறைந்து பைன் அதிகமானது, வேலைப்பாடும் முன்போல் இல்லை. நல்ல மரம் தீர்ந்துவந்ததன் அடையாளமாக இதைக் கொள்ளலாம்.

இவங்க ஸ்லாவியரா, ஜெர்மானியரா?

இரண்டும் சொல்ல முடியாது. தொல்லியலில் இவர்களை லுசேஷியப் பண்பாட்டினர் என்பார்கள். அது மட்பாண்டம், புதைமுறை போன்றவற்றின் ஒற்றுமைக்கு வைத்த பெயர், மொழிக்கு வைத்தது இல்லை. அவர்கள் எழுத்து விட்டுச்செல்லவில்லை. எரித்த சாம்பலைத் தாழியில் வைக்கும் வழக்கம் என்பதால் உடலெச்சமும் குறைவு.

இந்தக் கேள்வி இவ்வளவு சூடானதற்கு 1930களின் அரசியல் காரணம். 18ஆம் நூற்றாண்டில் அண்டை அரசுகள் போலந்தைப் பங்கிட்டபோது இப்பகுதி ஜெர்மானிய அரசான பிரஷ்யாவிடம் போய், முதல் உலகப் போருக்குப் பிறகே போலந்துக்குத் திரும்பியது. ஜெர்மன் தேசியவாதிகள் அதைத் தொல்ஜெர்மானிய நிலம் என்று உரிமை கோரினார்கள். கோஸ்ட்ஷெவ்ஸ்கி பெர்லினில் ஜெர்மன் தொல்லியலாளர் குஸ்தாஃப் கோசினாவிடம் படித்தவர். பழம்பொருளின் பரவலைக் கொண்டு இனத்தின் நிலத்தை வரையலாம் என்பது கோசினாவின் முறை. மாணவர் அதே முறையைக் கையாண்டு, லுசேஷியர் ஸ்லாவியரின் மூதாதையர் என்று எதிர்வாதம் வைத்தார். முறையே தவறு என்பதால் இரு முடிவுகளும் நிற்கவில்லை. அவருடைய களப்பணி மட்டும் இன்றும் மதிப்புடையது. ராணுவப் பலூனிலிருந்து புகைப்படம் எடுத்ததும், கடற்படை முக்குளிப்பவர்களை ஏரியில் இறக்கியதும் அந்நாளில் முன்னோடி வேலைகள்.

ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்து, தொடக்க இடைக்காலத்தில், இதே நிலத்துண்டில் ஸ்லாவியர் அரண் அமைத்து வாழ்ந்தது உறுதி. இரண்டு காலங்களையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதித் தகராறு.

போர்க்காலத்துல என்ன ஆச்சு?

1939இல் ஜெர்மனி இப்பகுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டு, ஊருக்கு 'ஊர்ஷ்டெட்' என்று பெயர் மாற்றியது. 1940 முதல் 1942 வரை நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பில் தொல்பழங்கால ஆய்வுக்கென இருந்த ஆனெனெர்பே பிரிவு ஹான்ஸ் ஷ்லைஃப் தலைமையில் தோண்டியது. பின்வாங்கும்போது அழிக்கும் நோக்கில் தளத்தை மூழ்கடித்தார்கள். ஈரம் மரத்தைக் காக்கும் என்று மேலே சொன்னோம் அல்லவா, அதனால் அழிவுக்குப் பதில் பாதுகாப்பே மிஞ்சியது. போருக்குப் பின் போலிஷ் அகழ்வு மீண்டும் தொடங்கி 1974 வரை நடந்தது.

அதுக்கும் இப்ப இருக்கிற கிராமத்துக்கும் தொடர்பு உண்டா?

நேர்த்தொடர்ச்சி கிடையாது. இன்றைய கிராமத்தின் முன்னோடியைக் காட்டும் பழைய எழுத்துச் சான்று, 1136இல் க்னியெஸ்னோ பேராயத்தின் சொத்துகளை உறுதிசெய்து போப் வழங்கிய ஆணை. பேராயரின் ஆட்கள் வாழும் ஊராக அதில் குறிக்கப்படுகிறது.

பக்கத்துல 'வெனிஸ்'னு ஒரு ஊர் இருக்காமே?

வெனெட்ஸ்யா. போலிஷில் வெனிஸ் நகருக்கும் அதே சொல்தான். ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் கிராமம் அது. 14ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டை வைத்திருந்த மிகோவாய் நவென்ச் என்ற பிரபு கொடுமைக்குப் பேர்போனவர், 'வெனெட்ஸ்யாவின் சாத்தான்' என்று இன்றும் பெயர் நிற்கிறது. கோட்டை இடிபாடு பார்க்கலாம். கோன்சாவாவுக்கும் ஓர் இரத்தக் கதை உண்டு. 1227 நவம்பரில் அங்கே பிரபுக்கள் கூடிய சமயம் தாக்குதல் நடந்து, வெள்ளை லெஷெக் என்னும் கோமகன் அருகிலுள்ள மார்ச்சின்கோவோவில் கொல்லப்பட்டார்.

எப்படிப் போறது? எவ்வளவு நேரம் வேணும்?

க்னியெஸ்னோவரை ரயில். அங்கிருந்து அல்லது பிட்கோஷ்சிலிருந்து சாலைவழி ஜ்னின். ஜ்னினிலிருந்து வெனெட்ஸ்யா, பிஸ்கூப்பின் வழியாகக் கோன்சாவாவுக்குச் சுமார் 12 கிலோமீட்டர் குறுகிய ரயில்பாதை இருக்கிறது, தண்டவாள இடைவெளி 600 மில்லிமீட்டர். 1894இல், சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு ஏற்றும் காலத்தில் பிறந்த பாதை. இப்போது சுற்றுலாவுக்கு, வெயில் பருவத்தில் ஓடுகிறது. குளிர்காலத்தில் அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அகழ்விடத்தில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு மட்டும் மூன்று மணிநேரம், வெனெட்ஸ்யாவின் ரயில் அருங்காட்சியகத்தையும் சேர்த்தால் ஒரு முழு நாள். 1995 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் தொல்லியல் விழா நடக்கிறது. பானை வனைவது, வெண்கலம் வார்ப்பது எல்லாம் கண்முன் செய்துகாட்டுவார்கள், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். அமைதியாக அளந்து பார்க்க விரும்பினால் மே அல்லது ஜூன் நல்லது.

அங்க நிக்கிற வாயிலும் வீடும் நிஜமா, செட்டா?

தெரியும் வாயில், மதில்துண்டு, வீட்டு வரிசைகள் அத்தனையும் 20ஆம் நூற்றாண்டில் அகழ்வின் அடிப்படையில் கட்டியவை. தளத்தின் அளவு, தெருவின் அகலம், தூணும் பள்ளமும் சேரும் முறை ஆகியவற்றுக்குச் சான்று இருக்கிறது. கூரையின் சாய்வு, வாயில்மேல் உள்ள கோபுரம், மதிலின் உயரம் ஆகியவை ஊகம், ஏனென்றால் நீர்மட்டத்துக்கு மேலிருந்த எதுவும் மிஞ்சவில்லை. படம் எடுக்கும்போது இடுப்புக்குக் கீழே சான்று, மேலே ஊகம் என்று நினைவில் வையுங்கள்.

அப்போ அசல் மரத்தை வெளிய எடுத்துக் காட்டினா என்ன?

1934 முதல் வெளிச்சத்தில் திறந்து வைத்த மரங்கள் பட்ட பாடே பதில். காற்றும் வெயிலும் உறைபனியும் மாறி மாறிப் பட்டதில் அவை வெடித்துச் சிதைந்தன. நீரூறிய மரத்தைக் காக்க வேண்டுமானால், உள்ளிருக்கும் நீரின் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளை மெல்லமெல்ல ஏற்ற வேண்டும். தொட்டியில் மாதக்கணக்கில், தடித்த ஓக்குக்கு ஆண்டுக்கணக்கில் ஊற வேண்டும். அதன் பிறகும் ஈரப்பதம் மாறாத கூடம் வேண்டும். சில துண்டுகளுக்குச் செய்யலாம், ஒரு முழு ஊருக்குச் செய்ய முடியாது.

ஆகவே பெரும்பகுதியைத் திரும்ப மண்ணும் நீரும் கொண்டு மூடி வைத்திருக்கிறார்கள். மூடியதோடு விட்டுவிடவும் முடியாது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கினால் மேலடுக்கில் காற்று புகும், சிதைவு மீண்டும் தொடங்கும். அதனால் நீர்மட்டம், அமிலத்தன்மை, ஆக்சிஜன் ஆகியவற்றைத் தொடர்ந்து அளக்கிறார்கள். புதைத்து வைத்த மாதிரி மரத்துண்டுகளை ஆண்டுகள் இடைவெளியில் எடுத்து, எவ்வளவு எடை இழந்தன என்று பார்க்கிறார்கள். வறண்ட கோடையில் ஏரி எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்பது இங்கே தொல்லியலாளர் கவனிக்கும் எண்.